தோற்றது யார்?

மாமல்லபுரம் வருவோர் கடற்கரைக் கோயிலைக் காண்கின்றனர்; ஐந்து இரதங்களைச் சுற்றி வருகின்றனர்; பாறையிலே உயிர்பெற்று நிற்கும் யானைகளைக் கண்டு வியக்கின்றனர். ஊரின் மேற்கே, கூட்டம் அதிகம் செல்லாத இடத்தில், வேறு சில இரதங்களும் உண்டு. வலையன்குட்டை இரதம், பிடாரி இரதங்கள் என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். மேலே சிகரம் உருப்பெற்றிருக்கும். அடிப்பகுதியோ வெறும் பாறையாகவே நிற்கும். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கண்ட எவரும், "இந்தப் பாறை தோற்றுவிட்டது" என்று கூறக் கேட்டதில்லை. உளி ஏன் நின்றது, உளி பிடித்த கை எங்கே போயிற்று, கூலி கொடுத்த மன்னனுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் கேட்கின்றனர்.

கல்லுக்குக் காட்டும் இந்த நேர்மையை, குழந்தைக்குக் காட்டுகிறோமா, தோழர்களே?

அவ்வூரிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நாம் சென்றிருந்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தக் கரையில் எந்த ஊரின் பெயரை இட்டாலும் பொருந்தும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். கையிலே ஒரு தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை படிக்கக்கூடிய ஏழெட்டு வரிகள். முதற்சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். இரண்டாம் சொல்லில் தடுக்கினாள். மூன்றாம் சொல்லுக்குப் போகவில்லை. தாளை மடித்தாள், விரித்தாள், மீண்டும் மடித்தாள். அப்போது, நம்முடன் வந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், நல்லவர், பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுகளுக்கு இவ்வளவுதாங்க ஏறும்."

ஆசிரியை ஏதும் பேசவில்லை. சிறுமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

'இவ்வளவுதான்!' அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். ஏனெனில் அது புதுச் சொல் அன்று. அதற்கு வயது மிக அதிகம். நம் பாட்டனிடம் அச்சொல் வேறு உடையில் வந்தது. தலையெழுத்து என்றனர்; முற்பிறவியின் பயன் என்றனர்; பிறந்த இடம் அப்படி என்றனர். உழுபவன் மகன் உழுவான், வலை வீசுபவன் மகன் வலை வீசுவான், ஓதுபவன் மகன் ஓதுவான், எல்லாம் மேலே ஒருவன் எழுதி வைத்தது என்றனர். எழுதியவன் யார், எந்த மையால் எழுதினான், ஏன் எப்போதும் ஒரே பக்கத்தாருக்கு நல்ல எழுத்தாகவே எழுதினான் என்று கேட்டு, அந்த மண்டையோட்டு எழுத்தை அழித்தவர்கள் நாம். இன்று அதே எழுத்து எண்ணாக மாறி, நூற்றுக்கு இவ்வளவு என்ற உருவில், பகுத்தறிவின் சட்டையையே அணிந்துகொண்டு நம் வாசலுக்கு வருகிறது. பழைய சோதிடனை விரட்டிய நம்மில் பலர், புதிய சோதிடனுக்கு நாற்காலி போடுகிறோம்.

இதை மிகையென்று எண்ணுவோர் பினே என்ற பிரெஞ்சு அறிஞரின் கதையை அறிய வேண்டும். 1905-ஆம் ஆண்டு, பாரிசில், ஆல்பிரட் பினே என்பவரும் சீமோன் என்ற மருத்துவரும் குழந்தைகளுக்கான ஓர் அறிவுச் சோதனையை அமைத்தனர். எதற்காக? வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிக் கவனத்துடன் கற்பிக்க. காய்ச்சல் உள்ள குழந்தையைக் கண்டறிய மருத்துவர் கருவி வைப்பது போல. அந்த எண் குழந்தையின் பிறவி அறிவின் அளவு என்று எவரும் கருதிவிடக் கூடாது என்று பினே எச்சரித்தார். அறிவு பயிற்சியால் வளரும் என்று வாதிட்டார். 1911-இல் அவர் மறைந்தார். அமெரிக்காவுக்குச் சென்ற அச்சோதனை ஆளே மாறிப் போயிற்று. பின்தங்கியவனைத் தூக்கிவிடப் பிறந்த கருவி, பின்தங்கியவன் பிறவியிலேயே பின்தங்கியவன் என்று சான்று எழுதும் கருவியாயிற்று. முதல் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான படைவீரர்களுக்கு இத்தகைய சோதனைகள் வைத்தனர். அந்தக் கணக்குகளைக் கொண்டு, 1923-இல் கார்ல் பிரிகம் என்பவர், ஐரோப்பாவின் இன்ன இனம் அறிவில் மேல், இன்ன இனம் கீழ் என்று நூலே எழுதினார். ஆங்கிலம் அறியாத குடியேறியவன் ஆங்கிலச் சோதனையில் குறைந்தான். உடனே அவன் இனமே குறைந்தது என்று தீர்ப்பு! 1930-இல் அதே பிரிகம் தம் முடிவுகள் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கு அவரைப் போற்றுவோம். ஆனால் இடையில் ஏழாண்டுகள் அந்த எண் உலாவி வந்ததே!

ஆகவே கருவி ஒன்றுதான்; கேள்வி இரண்டு. 'இக்குழந்தைக்கு இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?' என்று கேட்டால் அது மருத்துவம். 'இக்குழந்தை எதற்குத் தகுதி?' என்று கேட்டால் அது மனுவின் வேலை.

நம் நாட்டில் எந்தக் கேள்வியைக் கேட்டனர்? 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019 சனவரியில் அச்சட்டம் திருத்தப்பட்டது: ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கலாம், தேறாதவனுக்கு மறுவாய்ப்புத் தரலாம், அதிலும் தேறாவிடில் நிறுத்தலாம் என்றது. 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று ஆணை வந்தது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத் தேர்வு! முதல் மூன்று ஆண்டுகளுக்கு எவரையும் நிறுத்த மாட்டோம் என்று ஆறுதலும் சொன்னார்கள். மூன்று ஆண்டு கழித்து அறுப்பதாகச் சொல்லி ஆட்டுக்குத் தழை காட்டுவதுபோல! ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4 அன்று அந்த ஆணை கைவிடப்பட்டது.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி, தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழி செய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. விளைவைச் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் நின்று பாருங்கள். கல்பாக்கம் அணுமின் நகரியத்தில் கேந்திரிய வித்யாலயா உண்டு. அதற்கு வெளியே மீனவர் குப்பங்களில் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் உண்டு. ஒரே கடல், ஒரே உப்புக் காற்று, ஒரே பத்து வயது. மதிலுக்கு உள்ளே அந்தக் குழந்தையை நிறுத்தலாம். மதிலுக்கு வெளியே நிறுத்தலாகாது. குழந்தையின் அறிவு மதிலுக்கு உள்ளொன்றும் வெளியொன்றுமாக மாறுமா? மாறாது. மாறுவது ஆள்வோரின் கேள்விதான்.

நிறுத்தினால் என்ன கெட்டுவிடும், இன்னொரு முறை படிக்கட்டுமே என்பாரும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னொரு முறைதான். தனிப் பயிற்சி வைப்பார்கள், பள்ளியை மாற்றுவார்கள். குடிசை வீட்டிலோ அந்த ஆண்டே கணக்கு முடிந்துவிடும். "படிப்பு ஏறலை" என்று பள்ளியே எழுதிக் கொடுத்த பிறகு, பையன் படகுக்குப் போவான். பெண் தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். தாய் அழமாட்டாள். 'இவ்வளவுதான்' என்பாள். பெரியவர் சொன்ன அதே சொல்!

இனி, அளந்த கதைக்கு வருவோம். அதிலே நாட்களைக் கவனியுங்கள்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்த நாள் 2021 நவம்பர் 1. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள்! நவம்பர் 4 தீபாவளி. அதே நாளில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் குடும்ப அட்டையும் முதலமைச்சர் நேரில் சென்று வழங்கினார். விடுதலை பெற்று எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 'நீ இந்நாட்டில் இருக்கிறாய்' என்று ஒரு தாள்! நவம்பர் 6, 7 பெருமழை. 8-ஆம் நாள் முதல் சென்னை, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பள்ளிகளுக்கு மழை விடுமுறை. நவம்பர் 12 அன்று, நாடெங்கும் தேசிய அடைவு ஆய்வு என்ற பெருந்தேர்வு. மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 34 இலட்சம் மாணவர் எழுதினர். ஐந்நூறு என்ற அளவுகோலில் மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு நாட்டின் சராசரி 306, ஐந்தாம் வகுப்புக்கு 284, எட்டாம் வகுப்புக்கு 255 என்று எண்கள் வந்தன.

மூன்றாம் வகுப்பில் அன்று உட்கார்ந்த தமிழ்நாட்டுக் குழந்தை, பள்ளி மூடியபோது ஒன்றாம் வகுப்பை முடிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அதன் வாழ்வில் நடக்கவே இல்லை. பள்ளி திறந்து பதினோராம் நாள் அளவுகோல் வந்துவிட்டது. அந்த எண் எதை அளந்தது? குழந்தையின் மூளையையா? பூட்டிய கதவை அளந்தது. கைப்பேசி இருந்த வீட்டையும் இல்லாத வீட்டையும் அளந்தது. அளந்தது தவறென்று நாம் கூறவில்லை. பூட்டிய கதவின் எடையும் நாட்டுக்குத் தெரியத்தான் வேண்டும். அந்த எடையைக் குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதுவதுதான் தவறு.

மூன்றாண்டு கழித்து அடுத்த பேராய்வு. பராக் என்று அதற்குப் பெயர். மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு, 2024 டிசம்பர் 4 அன்று. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது நவம்பர் 30-ஆம் நாள் இரவு. சோழமண்டலக் கரைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் என்னவென்று டில்லியில் நாள் குறிப்பவருக்கு யார் சொல்வது? நெல் நனைந்திருக்கையில் எடை போடக் கூடாது என்பது மதுராந்தகத்து உழவனுக்குத் தெரியும்.

"மழையைக் காட்டித் தப்பப் பார்க்கிறீர்களா?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான குரல். அதற்கு மறுமொழி கூறியே ஆகவேண்டும். கூறாவிடில் நாம் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

அரசு சாராத ஆய்வு ஒன்று உண்டு. அசர் என்பர். ஊர்ப்புறத்து வீடுகளுக்கே சென்று, குழந்தையின் கையில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் ஆய்வு. 2018-இல், தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றது அது. 2022-இல் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு: 4.8. அந்த ஆண்டு நாடு முழுமைக்குமான எண் 20.5. தமிழின் நீண்ட கூட்டுச் சொற்கள் சிறு குழந்தைக்குக் கடினம், தாளின் அளவு எல்லா மொழிக்கும் ஒத்ததன்று என்றெல்லாம் அந்த ஆய்வின் முறைமேல் வாதங்கள் உண்டு. வாதிடலாம், வாதிடத்தான் வேண்டும். பிறகு அந்த எண் ஏறியதும் உண்மை. ஆனால் 2018-இல் எந்தத் தொற்றும் இல்லை. எந்தக் கதவும் பூட்டப்படவில்லை. பெரியவருக்கு முன் தாளை மடித்து விரித்த சிறுமிக்காக எந்த வாதமும் மூன்றாம் சொல்லைப் படித்துத் தராது.

இங்கேதான் நம்மவர் சிலரோடு நாம் மாறுபடுகிறோம். தேர்வு என்றாலே சூழ்ச்சி, எண் என்றாலே ஏமாற்று, அளக்கவே வேண்டாம் என்று முழங்குவோர் நம் மேடைகளிலும் உண்டு. கைதட்டல் எளிதில் கிடைக்கும் பேச்சு அது. இன்னும் சிலர் கனிவோடு பேசுவர்: "மீனவர் பிள்ளைக்கு வகுத்தல் தெரியாமலிருக்கலாம், வாடை எது, கொண்டல் எது என்று முகத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லுமே! இருளர் குழந்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாமலிருக்கலாம்; பாம்பின் தடத்தை மணலில் படிக்குமே! அதுவும் அறிவன்றோ?"

அறிவுதான். யார் மறுத்தது? அந்த அறிவை நம்பித்தான் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது; அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டில் பலரின் உயிர் காக்கும் மருந்து பிறக்கிறது. ஆனால் தோழர்களே, 'காற்று தெரிந்தால் போதும், கணக்கு வேண்டா' என்ற கனிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்துப் பாருங்கள். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு என்ன திட்டம் தந்தார்? அரை நாள் பள்ளி. மீதி அரை நாள் பெற்றோர் தொழில். அதற்குச் சொன்ன காரணமும் கனிவான காரணம்தானே! தகப்பன் தொழிலில் அறிவு இல்லையா, கைத்தொழிலில் கண்ணியம் இல்லையா என்றுதானே பேசினர்! குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு எதிர்த்தது; 1954-இல் காமராசர் ஆட்சி ஏற்றதும் அத்திட்டம் வீழ்ந்தது. எழுபதாண்டு கழித்து அதே அரை நாள் பள்ளியை, இரக்கம் என்ற பெயரில், நாமே மனத்துக்குள் நடத்துவதா? வாடையையும் கொண்டலையும் அறிந்த பிள்ளை வகுத்தலையும் அறியட்டும். மீனை எடை போடும் வணிகன் எத்தனை கிலோவை விழுங்குகிறான் என்று அது கண்டுபிடிக்கட்டும். செங்கற்சூளையில் முன்பணம் கொடுத்தவன் எழுதும் கணக்கை அது படிக்கட்டும். கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தச் சூளைக் கணக்கைப் படிக்கத் தெரியாத கையெழுத்தால்தான் அது இன்னும் ஆங்காங்கே பிழைத்துக் கிடக்கிறது.

ஆகவே குறைந்த எண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது குழந்தைக்குச் செய்யும் உதவி அன்று. பெரியவர் 'இவ்வளவுதான்' என்று வாய்விட்டுச் சொன்னார். எண்ணையே பாராதவர் அதை வாய்விடாமல் சொல்கிறார். இருவருள் யார் கொடியவர் என்று தீர்ப்புக் கூற நாம் அவசரப்படவில்லை.

அளக்க வேண்டும் என்றால், எப்படி? இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதி செய்தனர். ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை தொடக்கப் பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு குழந்தையையும் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். விளைவுக்கேற்ற கூலி! மாத்யூ ஆர்னால்டு என்ற கவிஞர் தாமே ஒரு பள்ளி ஆய்வாளர். அம்முறையை அவர் விடாது எதிர்த்தார். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. உதவி பெறும் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகள் பலவும் அதற்குள் வந்தன. ஆசிரியரின் சோறு குழந்தையின் வாயில் தொங்கியது. என்ன ஆகும்? பாடப்புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்வித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் குழந்தை ஒப்பிக்கும் என்று அக்கால இங்கிலாந்தில் கேலி பேசினர். தேறக்கூடிய பிள்ளை முன்வரிசைக்கு. தேறாத பிள்ளை பின்வரிசைக்கு, பிறகு வீட்டுக்கு. 1904-இல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானமே அம்முறையைக் கைவிட வேண்டும் என்றது. நாற்பதாண்டு ஆயிற்று அதைக் கண்டுபிடிக்க!

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில், பள்ளியின் எண் உயர்ந்தால் பரிசு, தாழ்ந்தால் தண்டனை என்ற முறை நடந்தது. 2011-இல் விசாரணை அறிக்கை வந்தபோது, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் மாணவர் விடைகளைத் திருத்துவது முதலான மோசடியில் ஈடுபட்டதாகச் சொன்னது. 2015-இல் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அழித்துத் திருத்தப்பட்ட ஒவ்வொரு விடைக்கும் பின்னால், உதவி கிடைத்திருக்க வேண்டிய ஒரு குழந்தை, பெரும்பாலும் கறுப்பினக் குழந்தை, 'நன்றாகப் படிக்கிறது' என்ற பொய்ச் சான்றோடு அடுத்த வகுப்புக்குத் தள்ளப்பட்டது. எண்ணுக்குக் கூலியோ தண்டனையோ கட்டினால், எண் பொய் சொல்லத் தொடங்கும். காய்ச்சல் காட்டினால் அபராதம் என்று மருத்துவமனையில் எழுதிப் போட்டால், கருவியைத் தண்ணீரில் நனைத்து வைப்பார்களே ஒழிய, நோய் குறையாது.

மறுபுறம், அளவையை மருந்தாக்கிய காட்சியும் இந்தக் கரையிலேயே உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே கடற்கரைச் சாலையில், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. மாலையில், வீட்டருகே, திண்ணையிலோ மரத்தடியிலோ, ஊரிலுள்ள படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலராக வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஆராய்ச்சியாளர் சிலர், தொற்றுக்கு முன்பே தமிழ்நாட்டு ஊர்களில் சோதித்திருந்த குழந்தைகளை, பள்ளி திறந்தபின் மீண்டும் மீண்டும் சோதித்தனர். 2021 டிசம்பரில் இழப்பு பெரிது என்று கண்டனர். அடுத்த ஆறே மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டிருந்தது; அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை வகுப்பால் வந்தது.

இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அதே குழந்தைகள். அதே மூளை, அதே வீடு, அதே தகப்பன், அதே சாதி. ஆறு மாதத்தில் எண் ஏறியது. பிறவிப் பயனாக இருந்தால் ஏறியிருக்குமா? தலையெழுத்து மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் அழிந்து போகுமா? பகுத்தறிவு மேடைகளில் நாம் ஆண்டுக்கணக்கில் பேசிய வாதத்தை, அந்தத் திண்ணைப் பெண்கள் ஒரு பலகையையும் சுண்ணக் கட்டியையும் கொண்டு மெய்ப்பித்துவிட்டனர். அளக்காமல் இருந்திருந்தால் அது நமக்குத் தெரிந்தே இருக்காது.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலே குழந்தையின் இன்றைய நிலையைச் சோதித்தறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக்கி, அவரவர் நிலைக்கேற்பக் கற்பிப்பது வழி. பினே கேட்ட கேள்விதான் இது. மகிழ்கிறோம். ஆயினும் ஓர் அச்சம் நமக்குண்டு, மறைக்க விரும்பவில்லை. நம் நாட்டில் எந்தப் பெயரும் நெடுநாள் பெயராக மட்டும் இருப்பதில்லை, சாதியாக இறுகிவிடும். சூன் மாதம் அரும்பு, செப்டம்பரில் மொட்டு என்றால் அது கல்வி. சூனிலும் அரும்பு, அடுத்த சூனிலும் அரும்பு, "அரும்புப் பசங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றால் அது சேரி. பூவின் பெயரை வைத்துவிட்டதால் வேலி இல்லாமற் போய்விடாது. ஆகவே பள்ளிக்குச் செல்லும் தோழர்கள் மலர் எத்தனை என்று கேட்க வேண்டா. எந்தக் குழந்தை எத்தனை மாதமாக அரும்பில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகவும் இருக்கலாகாது. ஐந்து வகுப்பையும் இரண்டே பேர் தாங்கும் பள்ளிகளை நாம் கண்டிருக்கிறோம். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மீதி ஒருவர்; அவருக்கும் ஏதேனும் ஒரு கணக்கெடுப்பு. உளி பிடித்த கை எங்கே போயிற்று என்று முதலில் கேட்டோமே, அதற்கு இங்கேயும் விடை உண்டு.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டோம். எல்லாச் சராசரிகளும், தேர்வு நாளன்று வந்திருந்த குழந்தைகளின் சராசரிகள். வராதவன் எண்ணில் இல்லை. இதுவும் இந்த மாவட்டத்துக்குப் பழைய வழக்கம்தான். 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசை மனைகூடத் தமக்கெனச் சொந்தமில்லாத மக்கள் என்றும், நிலமும் பள்ளியும் தேவை என்றும் சொன்னார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவது அதைத்தான். அதே ஆண்டுகளில்தான் ஆய்வாளர்கள் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் தலையெண்ணி மானியம் தந்துகொண்டிருந்தனர். பள்ளிப் படியையே மிதிக்க விடப்படாத குழந்தை எந்த ஆய்வாளரின் ஏட்டிலும் 'தேறவில்லை' என்று எழுதப்படவில்லை. தோற்பதற்குக்கூட உள்ளே நுழைந்தாக வேண்டுமே!

கடற்கரைப் பள்ளியிலிருந்து கிளம்புமுன் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தோம். அந்தச் சிறுமியின் பெயருக்கு இரண்டு வரி கீழே, இருளர் வீட்டுப் பையன் ஒருவனின் பெயர். சனவரி வரை கட்டங்கள் நிரம்பியிருந்தன. அதன்பின் ஒன்றுமில்லை. ஆசிரியையிடம் கேட்டோம். மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டான் என்றார். எந்தச் சூளை என்று தெரியாது, அடுத்த மழைக்கு வருவான், சென்ற ஆண்டும் வந்தான் என்றார். படிப்பில் எப்படி என்று கேட்டோம்.

"இந்த வகுப்பிலேயே அவன்தான் நன்றாகப் படிப்பான்" என்றார்.